டு-லெட் போர்டுக்குப் பின்னாடி ஒரு வாக்காளர் இருக்கார்

(நம் ஐ.டி. பிரிவுத் தன்னார்வலர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். வாடகைக்கு இருக்கிறவங்களும், வாடகைக்கு விடுறவங்களும் கடைசி வரைக்கும் படிங்க.)



இன்னைக்கு மீம் பத்தியும் பேசலை, டிரெண்டிங் பத்தியும் பேசலை. வாடகை வீட்டைப் பத்திப் பேசப்போறேன். உதாரணத்துக்கு வேளச்சேரியை எடுத்துக்கிறேன். உங்க ஊர் பல்லாவரமா இருக்கலாம், அம்பத்தூரா இருக்கலாம், கோவை சரவணம்பட்டியா இருக்கலாம். ஊர் பெயரை மாத்திக்கிட்டா கதை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது 2007-ல். அந்தப் பக்கம் தரமணி, இந்தப் பக்கம் கிண்டி, கொஞ்சம் தள்ளிப் போனால் ஓ.எம்.ஆர். காலையில் விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. சிறுசேரிக்கு பஸ் பிடிக்கிற ஐ.டி. பொண்ணு, கடற்கரை ரயிலைப் பிடிக்க ஓடுகிற அரசு ஊழியர், மாலில் வேலை பார்க்கிற மணிப்பூர் பையன், ஹோட்டல் கிச்சனுக்குப் போகிற பீகார் தம்பி, நெல்லூரிலிருந்து வந்து கோடிங் பண்றவர், திருநெல்வேலியிலிருந்து வந்து மருந்துக்கடையில் நிக்கிறவர். ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டில் உட்கார எந்த ஊர், என்ன சாப்பாடு என்று யாரும் கேட்கிறதில்லை. சாயங்காலம் வீடு தேடிப் போனால்தான் அந்தக் கேள்வி எல்லாம் வருது.

நீங்க வீடு தேடியிருந்தா உங்களுக்கே தெரியும். வாடகை எவ்வளவு என்று நீங்க கேட்கிறதுக்கு முன்னாடி உங்களை நாலு கேள்வி கேட்டிருப்பாங்க.

"ஃபேமிலியா, பேச்சிலரா?"
"நான்வெஜ் சமைப்பீங்களா?"
"சொந்த ஊர் எது?"
"அங்க எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

கடைசிக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். சாதி என்ற வார்த்தை வாயில் வராது. ஆனால் பதிலைக் கேட்டதும், "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இப்ப இல்லை" என்று போன் வந்துவிடும். இஸ்லாமியத் தோழருக்குப் பெயரைச் சொன்னாலே போதும், அந்தப் போன் வரும். தனியா இருக்கிற பொண்ணுக்கு "ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று ஒரு கேள்வி கூடுதல். வக்கீல் என்றாலும் யோசிப்பாங்க, போலீஸ் என்றாலும் யோசிப்பாங்க.

வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கு இதைவிடக் கஷ்டம். 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளை தொடர்பாகத் தேடப்பட்ட 5 பேர், இதே வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீஸ் என்கவுன்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, குடியிருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கணும் என்று வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. விவரம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் இந்தி பேசுகிற பையன் வீடு கேட்டாலே சந்தேகமாப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கிச்சு. விளைவு என்ன? நல்ல வீடு கிடைக்காமல் ஒரே ரூமில் எட்டு பேர். அப்புறம் "இவங்க ஒரே ரூம்ல எட்டு பேர் இருக்காங்க" என்று அதையே குற்றமாச் சொல்றோம்.

இது புதுசு இல்லை தோழர்களே. 1917-ல் அண்ணல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் லண்டனிலும் படிச்சுட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கலை. ஒரு பார்சி விடுதியில், பார்சி பெயரை வைத்துக்கொண்டு தங்கினார். 11-வது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து, சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்று மிரட்டியது. இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே பம்பாய்க்கு ரயில் ஏறிட்டார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நூறு வருஷம் தாண்டியாச்சு. தடி போயிடுச்சு, "சொந்தக்காரங்க வர்றாங்க" வந்திருக்கு.

சரி, வீடு கிடைச்சுடுச்சு என்று வையுங்க. அடுத்தது கணக்கு.

வாடகை 18,000 ரூபாய் என்று எடுத்துக்குவோம். சென்னையில் பழக்கம் 10 மாச அட்வான்ஸ். அதாவது 1,80,000. புரோக்கருக்கு ஒரு மாசம், 18,000. சாமான் ஏற்றும் வண்டிக்கு முன்னாடியே கையில் 1,98,000 இருக்கணும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆன ஒரு பையனிடம் இது எங்கே இருக்கும்? அப்பா ஊரில் நகையை வைப்பார், இல்லைன்னா பெர்சனல் லோன். வட்டி நமக்கு, அட்வான்ஸ் அவருக்கு.

காலி பண்ணும்போது பெயிண்டிங் என்று ஒரு மாச வாடகையைப் பிடிப்பாங்க. நானும் வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறவன்தான், மூணு வீடு மாறியாச்சு. இரண்டாவது வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கலை. அப்பவும் பெயிண்டிங் காசு போச்சு. மிச்ச அட்வான்ஸ் கைக்கு வர மூணு மாசம்.

அடுத்தது கரண்ட். வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது யாருக்காக? அந்த வீட்டில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்காக. ஆனால் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய், 9 ரூபாய் வாங்குகிற வீடுகள் இருக்கு. இரண்டு மாசத்தில் 300 யூனிட் ஓடினால், 9 ரூபாய்க் கணக்கில் 2,700. அதே 300 யூனிட் தனி இணைப்பில் ஓடினால் பில் 1,000 ரூபாயைத் தாண்டாது. ஏழை, நடுத்தரக் குடும்பத்துக்கு என்று கொடுக்கிற மானியம் வாசல் வரைக்கும் வந்து நின்னுடுது.

இதுக்கெல்லாம் சட்டமே இல்லையா? இருக்கு. பலருக்கும் தெரியாததுதான் பிரச்சினை.

பழைய 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரண்டு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்றேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க.

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணணும். அதுக்கு அரசு இணையதளமே இருக்கு.

2. முன்பணம் 3 மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கிட்டால் அதுதான் செல்லும். "10 மாசம்" என்று எழுதின பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் சட்டத்தைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னாடி பேசுங்க.

3. வீட்டை ஒப்படைத்த ஒரு மாசத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மிச்ச முன்பணத்தைத் திருப்பித் தரணும். எனவே குடிபோகிற அன்னைக்கே சுவர், தரை, குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. காலி பண்ற அன்னைக்கும் அதே மாதிரி. அட்வான்ஸை வங்கி வழியாக் கொடுங்க.

4. வாடகையைக் கூட்டணும் என்றால் 3 மாசத்துக்கு முன்னாடி எழுத்தில் சொல்லணும். ஒண்ணாம் தேதி மாடிப்படியில் நின்னு "இந்த மாசத்திலிருந்து ரெண்டாயிரம் ஏத்திக் கொடுங்க" என்பது செல்லாது.

5. சண்டை வந்தாலும் தண்ணீரை நிறுத்தக் கூடாது, கரண்ட்டைக் கட் பண்ணக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

6. உள்ளே வந்து பார்க்கணும் என்றால் ஓனர் 24 மணி நேரத்துக்கு முன்னாடி தெரிவிக்கணும். "என் வீடு, நான் எப்ப வேணா வருவேன்" என்பது சட்டம் இல்லை.

7. கொடுத்த வாடகைக்கு ரசீது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஓனர் தரப்பையும் சொல்லணும். வேளச்சேரியில் வாடகைக்கு விடுறவங்க எல்லாரும் பெரிய பணக்காரங்க இல்லை. ரிட்டையர் ஆன காசில் மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்குகிற பெரியவங்க இருக்காங்க. குடிவந்தவர் காலி பண்ண மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் கோர்ட்டுக்கு அலையணுமே என்ற பயம் அவங்களுக்கு உண்டு. பழைய சட்டத்தில் வழக்குகள் அப்படி இழுத்ததும் உண்மை. பதிவு பண்ணின ஒப்பந்தம் அவங்களுக்கும் பாதுகாப்பு. தேதி முடிந்தால் வீடு திரும்பும், வாடகை வரலைன்னா முறையிட இடம் இருக்கு. 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாசம் என்று எழுதி அலமாரியில் வைக்கிற பேப்பர், தகராறு என்று வந்தால் இரண்டு பேரையும் காப்பாத்தாது.

இனி நம்ம வேலைக்கு வர்றேன். நான் இன்னைக்குப் பேச வந்ததே இதுக்குத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தளம் மூழ்கியது. தண்ணீர் சொந்த வீடு, வாடகை வீடு என்று பிரிச்சுப் பார்த்து நுழையலை. ஆனால் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் அட்டை வழியாகக் கொடுத்தாங்க. வேளச்சேரியில் அட்டை இல்லாதவங்க, "நாங்களும் இங்கதான் இருக்கோம், எங்க வீட்டுலயும் தண்ணி வந்துச்சு" என்று தனியா விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அரசுக் கணக்கில் நம்ம அட்டை ஊரில் இருக்கு, நாம வேளச்சேரியில் முழங்கால் தண்ணியில் இருக்கோம்.

வாக்காளர் பட்டியலிலும் இதே கதைதான். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் கொடுத்தாங்க. டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தபோது, நீக்கப்பட்ட பெயர்களில் பெரும் பகுதி "இடம் மாறியவர்கள்" கணக்கில்தான் இருந்தது. இடம் மாறுகிறவர் யார்? 11 மாசத்துக்கு ஒரு தடவை ஓனர் காலி பண்ணச் சொல்றாரே, அவர்தான். ஒரு தெரு தள்ளிப் போனாலும் பழைய வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிடுவாங்க.

"சொந்த வீடு இல்லையே, எனக்கு எப்படி இங்க ஓட்டு?" என்று கேட்கிறவங்க நிறைய. படிச்சவங்களே கேட்கிறாங்க. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20 என்ன சொல்லுது தெரியுமா? ஒரு தொகுதியில் வீடு சொந்தமா வெச்சிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் அந்தத் தொகுதியில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். சட்டம் பார்க்கிறது பட்டாவை இல்லை. நீங்க வழக்கமா எங்கே குடியிருக்கீங்க என்பதைத்தான். வேறு தொகுதியில் உட்கார்ந்துகொண்டு வேளச்சேரியில் நாலு வீடு வாடகைக்கு விடுறவருக்கு வேளச்சேரியில் ஓட்டு இல்லை. அந்த நாலு வீட்டில் இருக்கிற உங்களுக்குத்தான் இருக்கு.

"எனக்கு ஊர்ல ஓட்டு இருக்கு, போதும்" என்றும் சொல்வாங்க. ஊர்ப் பாசம் புரியுது. ஆனால் யோசிச்சுப் பாருங்க. வருஷத்தில் 340 நாள் நீங்க நடக்கிறது வேளச்சேரி ரோட்டில், குடிக்கிறது வேளச்சேரி தண்ணி. மழைநீர் வடிகால் எங்கே வரணும், குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரணும், தெருவிளக்கு எரியணுமா என்று பேச வேண்டியவர் இந்த வார்டு கவுன்சிலர். அவருக்கு உங்க தயவு தேவையே இல்லை, ஏன்னா உங்க பெயர் அவர் பட்டியலில் இல்லை. 2022 பிப்ரவரியில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடலை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலமே 70 சதவீதத்தைத் தாண்டியபோது சென்னை மாவட்டம் 60-ஐத் தொடலை. "சென்னைக்காரங்க ஓட்டுப் போட மாட்டாங்க" என்று ஈஸியாச் சொல்லிடுறோம். அந்தப் பட்டியலில் இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் வீடு மாறிப் போயிட்டாங்க, இந்தத் தெருவில் இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் பட்டியலிலேயே இல்லை என்று யாரும் கேட்கிறதில்லை.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. புதுசா சேர்க்கப் படிவம் 6. வீடு மாறியிருந்தால் படிவம் 8. போனிலேயே நிரப்பலாம். சந்தேகம் இருந்தால் 1950-க்குக் கூப்பிடுங்க. முகவரிச் சான்றாகப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தையும் தேர்தல் ஆணையம் ஏற்கிறது. இப்ப புரியுதா, ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க என்று ஏன் அடிச்சுச் சொன்னேன் என்று? சில ஓனர்கள் பதிவு வேண்டாம் என்று சொல்லும்போது உங்க கையிலிருந்து போறது அட்வான்ஸ் மட்டும் இல்லை. ஆனால் ஒரு இடத்தில்தான் பெயர் இருக்கணும். ஊரில் ஒண்ணு, இங்கே ஒண்ணு என்று வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். நம்ம ஆளுங்க யாரும் அந்த வேலை பார்க்கக் கூடாது.

இப்ப நம்ம பக்கம் கொஞ்சம் பார்ப்போம். பூத் வேலைக்குப் போகும்போது நாம் என்ன பண்றோம்? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற வீட்டுக் கதவை மட்டும் தட்டுறோம். மூணாவது மாடியில் வாடகைக்கு இருக்கிற மூணு குடும்பத்தின் பெயர் அதில் இல்லை, அதனால் மாடி ஏறுவதே இல்லை. ஓனர் அவங்களை "இன்னைக்கு வந்து நாளைக்குப் போறவங்க" என்று நினைக்கிறார். அரசுக் காகிதம் அவங்களை வேறு ஊர்க்காரங்க என்று நினைக்கிறது. கட்சியும் அப்படியே நினைச்சா அவங்க யாரிடம் போய்ச் சொல்வாங்க?

அதனால் ஐ.டி. பிரிவு நண்பர்களுக்கு மூணு வேலை.

ஒண்ணு: உங்க தெருவில் மாடி ஏறுங்க. வாடகைக்கு இருக்கிறவங்களிடம் படிவம் 6, படிவம் 8 எப்படி என்று சொல்லிக் கொடுங்க. அவர் எந்தக் கட்சி என்று கேட்காதீங்க. தெலுங்கு பேசினாலும் இந்தி பேசினாலும், இங்கே குடியிருந்தால் அவருக்கும் இதே உரிமைதான்.

இரண்டு: வாடகைச் சட்டத்தின் அந்த ஏழு விஷயத்தையும் தமிழில் ஒரு பக்கமா ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. அரசியல் குரூப்பில் வேண்டாம், குடியிருப்போர் குரூப்பில் போடுங்க.

மூணாவது, வீடு வாடகைக்கு விடுகிற நம் தோழர்களுக்கு. இது கொஞ்சம் கசக்கும், ஆனால் சொல்லியாகணும். சாதி, மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று வாடகைச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு அரசைக் கட்டுப்படுத்துது, கடை, ஹோட்டல், கிணறு, குளத்தைச் சொல்லுது. உங்க மாடி போர்ஷன் வரைக்கும் அது ஏறி வரலை. சட்டம் ஏறாத மாடியில் கொள்கை ஏறணும். நம் பக்கத்தில் சமூகநீதிப் பதிவுக்கு ஹார்ட் போட்டுவிட்டு, வாசலில் "வெஜிடேரியன்ஸ் ஒன்லி" போர்டு மாட்டினால் அந்த ஹார்ட்டுக்கு என்ன மதிப்பு? தலைவர்கள் பிறந்தநாளுக்கு போஸ்டர் அடிக்கிறதை ஒரு வருஷம் விட்டாலும் பரவாயில்லை, அந்த போர்டைக் கழட்டுங்க. "எந்தப் பக்கம், எந்தத் தெரு" என்று கேட்கிறதை நிறுத்துங்க. வாடகை ஒழுங்கா வருமா, வீட்டைச் சுத்தமா வெச்சுப்பாங்களா, இந்த இரண்டைத் தவிர ஒரு ஓனருக்கு வேறு என்ன தெரியணும்? அட்வான்ஸை மூணு மாசமா வாங்குங்க, ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க, கரண்ட் பில்லை வந்த மாதிரியே வாங்குங்க.

இதை எல்லா ஓனரும் பண்ண மாட்டாங்க, தெரியும். நம்ம ஓனர்கள் முதலில் பண்ணட்டும். அப்பதான் அடுத்தவரைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

வாடகைக்கு இருக்கிற தோழருக்குக் கடைசியா ஒரு வார்த்தை. நீங்க இந்த ஊருக்கு விருந்தாளி இல்லை. இங்கே உழைக்கிறீங்க, இங்கே வரி கட்டுறீங்க, இங்கே மழையில் நனையிறீங்க. வீடு ஓனருடையது. வார்டு உங்களுடையது. இந்த வாரமே உங்க பெயர் பட்டியலில் இருக்கா என்று பாருங்க, இல்லைன்னா படிவத்தைப் போடுங்க.



(உங்க பகுதியில் படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால், கீழே வார்டு எண்ணை மட்டும் எழுதுங்க. அந்தப் பகுதித் தன்னார்வலர் தொடர்பு கொள்வார். போன் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம்.)

#வாடகைதாரரும்_வாக்காளரே
#போர்டைக்_கழட்டுவோம்